பனியில் நீயே ஓடிவந்த கலியாணக் கார்

என் பிள்ளைக்கு,

நேற்றுப் போனில் நீ சொன்ன ஒரு சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "ஸ்கொட்லாந்தில ரோட்டெல்லாம் ஐஸாம் அம்மா. எனக்குப் பயம். காரை இவரே ஓடட்டும், நான் பக்கத்தில இருந்து வாறன்" என்றாய். நானும் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்த அவசரத்தில் ஓம் ஓம் என்று போனை வைத்துவிட்டேன். சோற்றை வடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கோபம் வந்தது. திரும்ப எடுத்துப் பேசலாம் என்றால், நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீ "சரியம்மா, சரியம்மா" என்று கதையை முடித்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. குறுக்கே பேச முடியாதபடி உன்னை ஒரு நாளாவது உட்கார வைத்து, நான் சொல்ல நினைத்ததை முழுவதும் சொல்லப்போகிறேன். பெப்ரவரியில் கலியாணம், இப்போது டிசம்பரில் குடிபெயர்வு. இந்த 2009 உன்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. அடுத்த கிழமை பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வடக்கே போகிறாய். மருமகன் தம்பிக்கு அங்கே நல்ல வேலை, உனக்கும் ஆஸ்பத்திரியில் மருந்துப் பகுதியில் வேலை, விடியப் புறம் தொடங்குகிற ஷிப்ட். எல்லாம் சந்தோஷம். ஆனால் காரில் பக்கத்து சீட்டில் இருந்து போகப்போகிறேன் என்று நீ சொன்னது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ யார் என்பதை நீயே மறந்துபோனாய் போல இருக்கிறது. நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலையை நம்பி இருந்த அந்தச் சின்ன ஊரில் உனக்குப் பதினெட்டு வயது வந்ததும் லைசென்ஸ் எடுக்கப் போனாய். அங்கே சும்மா ஓடிக் காட்டினால் லைசென்ஸ் தரமாட்டார்கள். வழுக்குகிற தரையில் காரை ஓட வைத்து, வேண்டுமென்றே சறுக்க வைத்து, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று படிப்பிப்பார்கள். அப்பா ஷிப்டில் நின்றதால் உன்னோடு நான்தான் வந்தேன். கம்பி வேலிக்கு வெளியே தேத்தண்ணிப் போத்தலோடு நின்று பார்த்தேன். முதல் தரம் நீ பிரேக்கை ஓங்கி மிதித்தாய். கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, போன பக்கத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு முருகா என்றேன். நீயோ கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு திரும்பத் திரும்பப் போனாய். பின்னேரம் வரும்போது, உனக்குப் படிப்பித்த பெண்மணி சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய்: கார் வழுக்கும்போது இடிபடப் போகிற மரத்தைப் பார்க்கக் கூடாதாம், போக வேண்டிய வெளியைப் பார்க்க வேண்டுமாம்; கண் போகிற பக்கம்தான் கையும் போகுமாம். அந்த ஊரில் இருந்த ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களில் முதலில் லைசென்ஸ் எடுத்த பெண் நீதான். குளிர்காலம் முழுக்க எங்களைக் கடைக்கும் டொக்டரிடமும் ஏற்றி இறக்கியதும் நீதான். அப்பா தொழிற்சாலைக்கு நடந்தே போய் வந்த மனிதர். லண்டனுக்கு வந்த பிறகுதானே அவர் ஸ்டியரிங்கைத் தொட்டார்.

லண்டனுக்கு வந்தோம். நீ படித்தாய், வேலை எடுத்தாய், தம்பியைச் சந்தித்தாய். தம்பியை எங்களுக்குப் பார்த்த உடனேயே பிடித்துப்போயிற்று. உன் மாமிக்குத்தான் உன்னைப் பிடிக்கவில்லை. இப்போது சொன்னால் அவர் கோபிக்க மாட்டார், அதனால் துணிந்து எழுதுகிறேன். தன் மகனுக்கு வேறொரு இடத்தில் அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். "நோர்வேயில வளர்ந்த பிள்ளை, எங்கட பழக்கவழக்கம் தெரியுமோ" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். குறிப்பும் பார்த்தார்கள், பொருத்தம் அரைகுறை என்று வந்தது. மகன் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: பொருத்தம்தான் குறைவு, முகூர்த்தமாவது முழுசாக இருக்க வேண்டும். ஊரில் சாத்திரியாரிடம் கேட்டு, தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையை எடுத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை லண்டனில் கலியாணம் வைத்தால் யார் லீவு எடுத்து வருவார்கள் என்று அப்பா மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அந்த நேரத்துக்குள்ள தாலி ஏறினா நான் ஒரு வார்த்தை பேச மாட்டன். ஏறாட்டா அது கடவுள் வேண்டாமெண்டு சொன்ன மாதிரி. பிறகு என்னைக் கேக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது உனக்குத் தெரியும். தம்பியும் தாயை அழ வைத்துக்கொண்டு தாலி கட்டுகிற பிள்ளை இல்லை. ஆகவே உன் வாழ்க்கை அந்த ஒரு காலைப்பொழுதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது கொண்டாட்டத்துக்கான மாதமும் அல்ல. வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த போர்ச் செய்திகளைக் கேட்டுவிட்டு எந்த வீட்டிலும் ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. மேளக் கச்சேரி வேண்டாம், ஆட்களைக் குறைப்போம், சடங்கை மட்டும் செய்வோம் என்று இரண்டு வீடும் ஒத்துக்கொண்டது. இரண்டு வீடும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் தொடங்கிய பனி நிற்கவில்லை. திங்கள் விடிய ஜன்னல் சீலையை விலக்கினேன். எங்கள் குரோய்டன் மேட்டுத் தெரு முழுக்க வெள்ளை. ரேடியோவில் பஸ் இல்லை என்றார்கள், ட்ராம் இல்லை என்றார்கள், அவசியமில்லாமல் வெளியே போகாதீர்கள் என்றார்கள். உன்னை ஏற்றிப் போவதற்கென்று உன் தாய்மாமன் வாடகைக்குப் பேசியிருந்த நீளக் கார்க்காரன் போன் எடுத்து, தன்னால் வர ஏலாது என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டான். மாமா கலங்கவில்லை. "அக்கா, என்ர கார் இருக்கு. ஜேர்மன் கார், சும்மா பறக்கும்" என்றான். என் கூடப்பிறந்தவனுக்கு அந்தக் கார் மீது உள்ள பாசம் உலகறிந்தது. தாய்மாமன்தான் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்பதால் அவனுக்கு அன்று ஒரு மிடுக்கும் கூடவே இருந்தது.

இனித்தான் பெரியம்மாவின் கதை. கொழும்பிலிருந்து உன் கலியாணத்துக்கென்றே வந்தவர், பனியை வாழ்க்கையில் முதல் தரம் கண்டவர். கலியாண வீட்டு வாசல் இப்படி மூடிக்கிடக்கலாமா என்று நாங்கள் எழும்புவதற்கு முன்னரே தும்புத்தடியை எடுத்து முன்றலைக் கூட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் அவருக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம். கூட்டிய பிறகு, வாசல் கழுவ வேண்டாமா? வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து, மஞ்சளும் கரைத்து, முன்றல் முழுக்க ஊற்றிக் கழுவி, நிறைகுடம் வைக்கிற இடத்தைத் துடைத்து, உள்ளே வந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். நான் எட்டிப் பார்த்தபோது எங்கள் முன்றல் மஞ்சள் கண்ணாடி பதித்த மாதிரிப் பளபளத்தது. அதன் மேலே, சரிவில், மாமாவின் ஜேர்மன் கார் நின்றது.

"ஆர் இதுக்கு மேல தண்ணி ஊத்தினது?" என்று நீ மாடியிலிருந்து கேட்டாய்.

"வாசல் கழுவாமல் ஒரு பொம்பிளை வீட்டை விட்டு இறங்கிறதோ?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார்.

"பெரியம்மா, அது வாசல் இல்லை. இப்ப ஐஸ்." நீ சொன்ன தொனியில் சிரிப்பு இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மாமாவை நீ எச்சரித்தாய். அந்தக் காருக்குப் பின் சக்கரம்தான் இழுக்கும், பனியில் அது ஆடும், சரிவில் வைத்து ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றாய். "நான் இருபது வருசமா லண்டனில ஓடுறன் பிள்ளை" என்றபடி அவன் ஏறி, அக்சிலேட்டரை அமத்தினான். சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியதே தவிரக் கார் முன்னே போகவில்லை. பின்னே போயிற்று. அவசரமே இல்லாமல், மரியாதையாக, முன்றலை விட்டு இறங்கித் தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டு வேலிச் செடிக்குள் பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. நல்ல காலம், தெருவில் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து பார்த்தார். மாமா பட்டு வேட்டியோடு காருக்குள் இருந்து கையசைத்தான்.

மிச்சம் இருந்தது தெருவோரத்தில் நின்ற அப்பாவின் சின்னப் பழைய கார் மட்டும். அதன் மேல் ஒரு முழம் பனி. அப்பா சாவியை வைத்துக்கொண்டு நின்றார். மேட்டைப் பார்த்தார், கீழே குறுக்கும் நெடுக்குமாக நின்ற கார்களைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்து, "நீ ஓடு பிள்ளை. எனக்கு ஏலாது" என்றார். ஒரு தகப்பன் தன் மகளுடைய கலியாண நாளில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் அவரோடு சண்டைக்குப் போனேன். பொம்பிளை கார் ஓடிக்கொண்டு போய் மண்டபத்தில் இறங்குவதா, மாப்பிளையின் தாய் ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா என்றெல்லாம் கத்தினேன். நீ நெற்றிச்சுட்டி, அட்டியல், பூச்சடை எல்லாவற்றோடும் படியால் இறங்கி வந்தாய். "அம்மா, அவையள் என்ன சொல்லுவினம் எண்டு நான் கேக்கவேணுமெண்டால் முதல் நான் அங்க போய்ச் சேர வேணும்" என்றாய். நான் தட்டையும் தேங்காயையும் எடுக்கப் போனேன்.

அதற்குப் பிறகு நீ செய்த ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீ மறந்திருந்தால் இதை வாசித்து நினைவுபடுத்திக்கொள். என் குளிர்காலச் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டாய். சேலைக் கொசுவத்தைத் தூக்கி, கால் மிதிக்கிற இடத்தில் சிக்காதபடி ஊசி குத்தச் சொன்னாய். சேலைக்கு மேலே கனத்த கோட் போட மாட்டேன், கை ஓடாது என்றாய். பெரியம்மா ஊற்றிய இடத்தில் யாரும் விழுந்து கால் முறிக்காதபடி குசினியில் இருந்த கல்லுப்பு முழுவதையும் வாரி இறைக்கச் சொன்னாய். அப்பா கேத்திலில் கொதிதண்ணி கொண்டுவந்து முன் கண்ணாடியில் ஊற்றப் போனார். பாய்ந்து தடுத்தாய், கண்ணாடி வெடிக்கும், ஊற்றின தண்ணியும் திரும்ப உறையும் என்றாய். எஞ்சினைப் போட்டுச் சூடாக்கிவிட்டு, நாலு பக்கக் கண்ணாடியையும், விளக்குகளையும், மேல்கூரையையும்கூடத் துடைக்கச் சொன்னாய். "பார்க்கிற அளவுக்கு ஒரு ஓட்டை போதும்" என்று மாமா அவசரப்பட்டான். கூரையில் கிடக்கிற பனி பிரேக் போடும்போது முன் கண்ணாடியில் சரிந்து விழும் மாமா என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாய். முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. நீ கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். உன் வயதில் எனக்கு அந்த நிதானம் இருந்ததில்லை, இந்த வயதிலும் இல்லை.

முன்னால் நீயும் மாமாவும், பின்னால் அப்பாவும் நானும் பெரியம்மாவும் தட்டும் தேங்காயுமாக. இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தாய். முட்டை மேல் கால் வைப்பது போல மிதித்தாய். சக்கரம் ஒரு தரம்கூடச் சுற்றவில்லை. மேட்டு விளிம்புக்கு வந்ததும் நிப்பாட்டினாய். கீழே ஒரு கார் குறுக்கே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை நிக்கிறாய்? நேரம் போகுது, இறக்கு" என்றான் மாமா.

"அந்தக் கார் விலகட்டும் மாமா. இறங்கத் தொடங்கினால் பிறகு நான் நிப்பாட்ட ஏலாது."

அந்தக் கார் விலகும்வரை எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. விலகியதும் முதல் கியரில் போட்டு, எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி ஊர்ந்து இறக்கினாய். மாமா தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்தான். லண்டன் ரோட் என்கிற பெரிய தெருவில் ஏறியபோது தடம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அங்கேயும் நீ வேகம் எடுக்கவில்லை. முன்னால் போன வான் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கிற அளவு இடம் விட்டாய். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். ஓரத்தில் இடம் கண்டதும் அவனுக்கு வழி விட்டாய். கொஞ்சத் தூரத்தில் அவன் நடைபாதையில் ஏறி நின்றான். நாங்கள் கடந்து போனபோது பெரியம்மா அவனுக்கு ஆறுதலாகத் தலையாட்டினார்.

நோர்பரி தாண்டும்போது என் போன் அடித்தது. உன் மாமி. "ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. மாப்பிளை மணவறைக்கு வந்திட்டார், பொம்பிளையைக் காணேல்லை. நான் முதலே சொன்னனான், கடவுள் பதில் சொல்லுவார் எண்டு" என்றார். எனக்கு ஏறியது கோபம். கடவுளா பஸ்ஸை நிப்பாட்டினார் என்று தொடங்கினேன். நீ திரும்பியும் பார்க்கவில்லை. "அம்மா, போனை வையுங்கோ. எனக்கு ரோட்டுச் சத்தம் கேக்க வேணும்" என்றாய். கார் பனியில் நெரித்துக்கொண்டு போகும்போது சத்தம் இருக்கும், அந்தச் சத்தம் அடங்கினால் அடியில் வெறும் ஐஸ் என்று நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனை வைத்தேன். காருக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அதனால்தான் ஸ்ட்ரெதம் தாண்டி அந்த ரயில் பாலத்துக்கு அடியில் சத்தம் நின்றது எனக்கும் கேட்டது. வெயில் படாத நிழல், ஒழுகின தண்ணி உறைந்துபோய்க் கிடந்தது. காரின் பின்பக்கம் இடது பக்கமாக விலகத் தொடங்கியது. அந்தப் பக்க நடைபாதையில் ஒரு தாய் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு போனாள். "பிரேக், பிரேக்கை அமத்து" என்று மாமா கத்தினான். நீ அமத்தவில்லை. காலை அக்சிலேட்டரில் இருந்து எடுத்தாய், ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிக் கொடுத்தாய். பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் உன் கண்கள் எனக்குத் தெரிந்தன. நீ அந்தத் தாயைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, பாலத்துக்கு அப்பால் திறந்து கிடந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கார் ஒரு தரம் அசைந்து, நேராகி, பாலத்தைக் கடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்திருந்தார், விடவில்லை. பிள்ளை, உன்னைப் பெற்றதற்காக எத்தனையோ தரம் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கர்வம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்தப் பாலத்துக்கு அடியில்தான்.

டூட்டிங்குக்கு வந்தோம். மண்டபம் தெரிந்தது, ஒரு சின்ன ஒழுங்கைத் தெருவின் மேட்டில். அந்த ஒழுங்கையில் உப்பும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. பிள்ளைகள் நடுவில் நின்று பனி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரே மூச்சில் ஏற்றிவிடு என்று நான்தான் சொன்னேன். நீ மேட்டைப் பார்த்தாய், பிள்ளைகளைப் பார்த்தாய், ஓரமாக ஒதுக்கி எஞ்சினை நிப்பாட்டினாய். "இதில வழுக்கினா இந்தப் பிள்ளையளுக்கு மேலதான் போகும். நடப்பம்" என்றாய். அதுவரை நீ ஓடியதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். நீ நிப்பாட்டியதைப் பார்த்துத்தான், இனி நீ எந்த நாட்டில் எந்த ரோட்டில் போனாலும் நான் பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். முகூர்த்தத்துக்காக உயிரை வைத்து விளையாட நீ தயாராக இல்லை. அவ்வளவு ஆசைப்பட்ட கலியாணம், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மண்டபம், அப்படியிருந்தும் நீ சாவியைத் திருப்பினாய்.

தாய்மாமன் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போவதுதான் முறை. அன்று அந்த ஒழுங்கையில் பெண்தான் தாய்மாமனைக் கைபிடித்து அழைத்துப் போனது. மாமாவின் சப்பாத்து வழவழ என்று புதிசு. ஒவ்வொரு அடிக்கும் அவன் உன் தோளில் தொங்கினான். பனி எறிந்துகொண்டிருந்த பிள்ளைகள் விளையாட்டை நிப்பாட்டிவிட்டு வழி விட்டார்கள். அதில் ஒரு பிள்ளை கை தட்டியது, பிறகு எல்லாப் பிள்ளைகளும் கை தட்டின. மேளம் இல்லாத கலியாணத்துக்கு அதுதான் மேளம்.

மண்டப வாசலில் உன் மாமி நின்றார். உன் சேலைக் கரையில் பனி, காலில் என் சப்பாத்து, தலையில் பூ கொஞ்சம் சரிந்திருந்தது. "வாடகைக் கார் வரேல்லை எண்டாங்கள். ஆர் ஓடினது?" என்று மாமாவைக் கேட்டார். அவன் நினைத்திருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவன் நிமிர்ந்து நின்று, "பொம்பிளைதான் ஓடினது. நாங்கள் எல்லாரும் சும்மா இருந்து வந்தனாங்கள்" என்றான். மாமி உன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் வாய்ச்சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் குனிந்து, உன் சேலைக் கரையில் இருந்த பனியைத் தன் கையாலே தட்டிவிட்டு, "ஐயர், பொம்பிளை வந்திட்டுது" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். நேரம் இருந்தது. நிறைய இல்லை, ஆனால் இருந்தது. தம்பி தாலி கட்டியபோது அவன்தான் முடிச்சுப் போடத் தடுமாறினான், நீ ஆடாமல் அசையாமல் இருந்தாய்.

அப்படிப்பட்ட நீ, பத்து மாதத்தில் எப்படிப் பக்கத்து சீட்டுக்குப் போனாய்? எனக்குத் தெரியும், சண்டையில் போகவில்லை, சுகத்தில் போயிருக்கிறாய். தம்பி ஓடினான், நீ பக்கத்தில் இருந்தாய், ஒரு நாள் இரண்டு நாள் என்று அதுவே பழகிவிட்டது. தம்பி தங்கமான பிள்ளை. ஆனால் அவன் லண்டன் ரோட்டில் லைசென்ஸ் எடுத்தவன், பிரேக்கை நம்புகிறவன். போன கிழமை ஒரு உறைந்த காலையில் எங்களைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனான். வெஸ்ட் ஈலிங் போய்ச் சேருவதற்குள் என் நெற்றி இரண்டு தரம் முன் சீட்டில் முட்டியது. அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்குப் படிப்பிக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறது, அந்த ஆள் பக்கத்தில் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறது என்பதுதான் என் குறை. போனதும் முதல் வேலையாகக் குளிர்கால டயர் போடுங்கள். டிக்கியில் பனி அள்ள ஒரு சவள், ஒரு கம்பளி, ஒரு டோர்ச், சாப்பிட ஏதாவது எப்போதும் கிடக்கட்டும். பெற்றோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். போகத் தேவையில்லாத நாளில் போகாதீர்கள். வேலைக்குப் போன் பண்ணி வர ஏலாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் போகத்தான் வேண்டும் என்ற நாளில், தெரிந்தவள் ஓடட்டும். உனக்குப் பயம் என்றாய் அல்லவா, அந்தப் பயம் நல்லது. அன்று மேட்டு விளிம்பில் உன்னைப் பொறுத்து நிற்க வைத்தது அதுதான். அது இல்லாத மாமா எதிர்வீட்டு வேலிக்குள் நின்றான்.

இதையெல்லாம் எழுதி முடித்து உறையில் போடப்போகும் நேரம் உன் மாமி போன் எடுத்தார். தைப்பொங்கலுக்கு உங்கள் புது வீட்டுக்கு வரப்போகிறாராம், ரயிலுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டாராம். அங்கே பனியாக இருக்குமே, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யிறதோ? மருமகளை வரச் சொல்லியிருக்கிறன். அவன் காரைக் கொண்டு வந்தானெண்டால் நான் ரயிலை விட்டு இறங்க மாட்டன், அப்பிடியே திரும்பி வந்திடுவன்" என்றார். நான் சிரித்துச் சிரித்து, கடைசியில் கண் துடைக்க வேண்டியதாயிற்று. எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். பின் சீட் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும். முன்னால் யார் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தம்பியிடம் நீயே சொல்லிவிடு.

உன் அம்மா